பிலோமினா வைத்த பொட்டு

செய்தி வந்தபோது எங்கள் கம்பெனிப் பேருந்து படப்பையைத் தாண்டியிருந்தது. காலை ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னிருக்கையில் இருந்த ஸ்டோர்ஸ் கதிரேசனின் கைபேசி அடித்தது. காதில் வைத்துக் கேட்டவர் எழுந்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"நம்ம பிலோமினா மேடம் போய்ட்டாங்களாம். காய்ச்சல் மூளைக்கு ஏறிக்கிச்சாம்" என்றார்.

வண்டி முழுக்க ஒரே அழுகை. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அந்த அழுகைக்கு நடுவில் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்: நான் செத்திருந்தால் இந்த வண்டி நின்றிருக்குமா? வேகத்தைக்கூடக் குறைத்திருக்காது.

அவரும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பதால் எங்கள் தொழிற்சாலையின் மலருக்கு இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்னார்கள். இருந்தவரைக்கும் நாங்கள் 'வா, போ' என்றுதான் பேசிக்கொண்டோம். இப்போது 'அவர், இவர்' என்று எழுத வேண்டியிருக்கிறது. போகும்போதும் மரியாதையைக் கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறார்.

2008இல் சேர்ந்தோம். நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஒரகடத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அவர் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். இரண்டு பேரும் ஒரே டிப்ளமோ. மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். இதை இங்கே எழுதாவிட்டால் வேறு எங்கேயும் எழுத வாய்ப்பில்லை.

எங்கள் தொழிற்சாலையில் செய்வது தெர்மல் ஸ்கோப். இருட்டிலும் உடம்புச் சூட்டை வைத்து விலங்கைக் காட்டும் துப்பாக்கித் தொலைநோக்கி. பனி பெய்யும் நாடுகளில் ஆட்டுப்பட்டிக்குள் புகும் ஓநாயையும் நரியையும் சுடுகிறவர்கள் வாங்குவது. அதன் குறுக்குக்கோடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் குண்டு பாய வேண்டும். அதற்கு 'ஜீரோ' என்று பெயர். சூடான வீட்டிலிருந்து பனிக்குள் எடுத்துக்கொண்டு போனதும் உலோகம் சுருங்கும், லென்ஸைப் பிடித்திருக்கும் பசை இறுகும். அப்போதும் ஜீரோ நகரக் கூடாது. நகர்ந்தால் குண்டு வேறெங்கோ போகும், நரி ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகும். வாழ்நாளில் ஸ்வெட்டர் போட்டறியாத நாங்கள்தான் அதைச் சோதித்துச் சான்று கொடுத்தோம்.

சோதனை அறையில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு குளிர்ப்பெட்டி உண்டு. அதற்குள் போகக் கனத்த கோட்டு ஒன்றே ஒன்று இருந்தது. நான் அதைப் போட்டால் கோணிப்பைக்குள் நுழைந்தவள் மாதிரி இருப்பேன். பிலோமினா போட்டால் அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த வாடிக்கையாளர் அவரைத்தான் அந்தக் கோட்டோடு நிற்கவைத்துப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்னும் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. அதன் ஓரத்தில் என் முழங்கை தெரியும்.

ஊரிலிருந்து என்னைப் பார்க்க வந்த என் அம்மாவும் தப்பவில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமினா ஹாஸ்டலுக்கு வந்து மீன் குழம்பு கொடுத்துவிட்டுப் போனார். அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு போன் பேசும்போதெல்லாம் முதல் கேள்வி, "அந்தப் பிள்ளை நல்லா இருக்காளாட்டி?" இரண்டாவது கேள்விதான் நான்.

பொறாமைதான். இதற்கு வேறு அழகான பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை. அவரும் அதை அறிந்தே இருந்தார். "இன்னா வசந்தா, மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற?" என்று கேட்டுவிட்டு, என் டிபன் பாக்ஸிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொள்வார். அவர்மேல் கோபப்படவும் முடியாது.

இனி அந்தச் சந்தனக் கதை. தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருடம் ஆயுத பூஜை முடிந்து வேலைக்குத் திரும்பினோம். குளிர்காலத்துக்கு முன் அனுப்ப வேண்டிய ஒரு லாட் ஸ்கோப் மொத்தமும் வரிசையில் இருந்தது. சோதித்த ஸ்கோப் ஒவ்வொன்றும் குளிரில் ஜீரோ தவறியது. வெளியே சரியாக வைத்த குறுக்குக்கோடு, குளிர்ப்பெட்டிக்குள் பார்த்தால் கீழே இறங்கி நின்றது. பசைதான் காரணம் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அத்தனை ஸ்கோப்பையும் பிரித்து, வேறு பசை போட்டு ஒட்டலாம் என்றார் மேலாளர் சேகர் சார். சோதனை அறைக்குப் பொறுப்பாளர் போடப் போகிறார்கள் என்று பேச்சு இருந்த நேரம் அது. அந்த இடம் எனக்கு வேண்டும். மனசார வேண்டும்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. எல்லா ஸ்கோப்பும் ஒரே பக்கம், ஒரே அளவு இறங்கியிருந்தன. குளிர் அப்படிச் செய்யாது. ஒன்றை இப்படி இழுக்கும், இன்னொன்றை அப்படி இழுக்கும். குளிர்ப்பெட்டியை அணைத்துக் குளிர் விட்ட பிறகு, குளிரே படாத ஒரு ஸ்கோப்புக்கு வெளியே ஜீரோ வைத்து, பெட்டிக்குள் சோதித்தேன். அதுவும் அதே அளவு இறங்கியது.

அப்படியானால் கோளாறு ஸ்கோப்பில் இல்லை, குறி பார்க்கும் தகட்டில். குளிர்ப்பெட்டியின் கண்ணாடி வழியாக இந்தத் தொலைநோக்கிக்குச் சூடு தெரியாது என்பதால் வெளியே ஒரு தகடு, குளிர்ப்பெட்டிக்குள் ஒரு தகடு வைத்திருந்தோம். இரண்டும் பளபளப்பான உலோகம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. தகட்டைச் சூடாக்கினால் ஸ்கோப்பில் அந்தப் புள்ளி மட்டும் வெள்ளையாக எரியும். அதன் மையத்தில்தான் ஜீரோ வைப்போம். வெளியே இருந்த தகட்டின் புள்ளி ஸ்கோப்பில் கொஞ்சம் கீழ்நோக்கி நீண்டு தெரிந்தது. வெறும் கண்ணுக்கு ஒன்றுமில்லை. புள்ளிக்குக் கீழே விரலால் தேய்த்து மோந்து பார்த்தேன். சந்தனம். பூஜைக்கு வைத்த பொட்டைத் துடைத்திருக்கிறார்கள். மெல்லிய படலம் மட்டும் ஒட்டிக்கொண்டு, சூட்டில் புள்ளியோடு சேர்ந்து எரிந்திருக்கிறது.

எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். சேகர் சாரின் முகம் சிவந்துவிட்டது.

"யாரு பண்ண வேலை இது?"

பிலோமினா கையைத் தூக்கினார்.

"நான்தான் சார். எல்லா மிஷினுக்கும் வச்சாங்க. அந்த பிளேட்டு மட்டும் மொட்டையா கீதேன்னு வச்சிட்டேன். பாவமா இருந்திச்சு சார்."

ஜெபமாலையைக் கழுத்தில் போட்டிருக்கும் பெண், குறி பார்க்கும் தகட்டுக்குப் பொட்டு வைத்திருக்கிறது. முதலில் கதிரேசன் சிரித்தார். அடுத்து சேகர் சார். பிறகு அந்த அறையே குலுங்கியது. நான் கண்டுபிடித்தது அந்தச் சிரிப்பிலேயே கரைந்து போயிற்று. மதியச் சாப்பாட்டுக்குள் கேன்டீன் முழுவதும் பிலோமினாவின் பொட்டுதான் பேச்சு.

அடுத்த மாதம் சோதனை அறைப் பொறுப்பும் அவருக்கே போயிற்று. "நீ வேலைல கெட்டிதான் வசந்தா. ஆனா பிலோமினா சொன்னா பசங்க கேக்குறாங்க" என்றார் சேகர் சார். அது உண்மைதான்.

வருடங்கள் போகப் போகக் கதை மாறியது. பொட்டு வைத்தவரே மோந்து பார்த்துக் கண்டுபிடித்தவராகவும் ஆனார். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொன்னார்கள். பிலோமினா காதில் விழுந்தால் மட்டும் விடமாட்டார். இருந்த இடத்திலிருந்தே கத்துவார்: "யோவ், வச்சது நானு. கண்டுபுடிச்சது வசந்தா!" கேட்டவர்கள், "எவ்ளோ பெரிய மனசு பாரு" என்று அவரைத்தான் மெச்சினார்கள். என் பெயரைச் சொல்லியும் புகழ் அவருக்கே போயிற்று. "நீ பேசாம இரேன் பிலோ" என்று ஒருநாள் வெடுக்கென்று சொன்னேன். "உள்ளத சொல்றதுக்கு இன்னாத்துக்கு கோச்சிக்கிற?" என்றார். அடுத்த முறையும் கத்தினார்.

அடக்கம் அவருடைய ஊர்க் கல்லறைத் தோட்டத்தில். இரண்டு ஷிஃப்டு ஆட்களும் வந்திருந்தார்கள். கம்பெனி சார்பில் சேகர் சார் பேசினார்.

"ஒரு லாட்டு மொத்தமும் வீணாப் போயிருக்கும். நாங்க எல்லாரும் பசை பசைன்னு நின்னுகினு இருந்தப்ப, அந்த பிளேட்ட மோந்து பாத்து சந்தனம்னு கண்டுபுடிச்சது நம்ம பிலோமினாதான்."

கூட்டம் விம்மியது. தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் தலையாட்டினார்கள்.

நான் நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தேன். இந்த இடம் வந்தால் அவர் குறுக்கே புகுந்துவிடுவார். புகுவார் என்று உண்மையாகவே காத்திருந்தேன். வெள்ளைச் சேலை கட்டி, விரல்களில் ஜெபமாலை சுற்றி, வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார். சேகர் சார் பேசி முடித்தார். பாதர் ஜெபத்தைத் தொடங்கினார். ஒருவரும் திருத்தவில்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இரண்டு பெண்கள் என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் அவ்ளோ சிநேகிதம்" என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். பெட்டியை மூடி இறக்கினார்கள். முறை வந்தபோது நானும் குனிந்து ஒரு பிடி மண் அள்ளிப் போட்டேன்.

போய் வா, பிலோ. அதைக் கண்டுபிடித்தது வசந்தா என்று சொல்ல இந்த உலகத்தில் நீ ஒருத்திதான் இருந்தாய். இனி நானேதான் சொல்லிக்கொள்ள வேண்டும். சொன்னால், செத்தவள்மேலும் பொறாமை என்பார்கள்.