வன்னியம்பட்டிக் கூடை

காலை பத்து மணி வாக்கில் என் வீட்டு வாசலில் ஒரு குரல் கேட்கும். "மதினி, கை குடுங்க." வேறு யாரும் என்னிடம் பேசாமலே பொழுது போகிற நாளிலும் அந்தக் குரல் மட்டும் தவறாது.

தலைச்சுமைக்காரி தன் சுமையைத் தானே இறக்க முடியாது. எதிரில் ஒருத்தி நின்று கூடையின் விளிம்பைப் பிடிக்க வேண்டும். திரும்ப ஏற்றவும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் காய் வாங்குகிறோமோ இல்லையோ, கை குடு என்று கேட்டால் குடுத்துவிட வேண்டும். மாட்டேன் என்று சொல்கிற வழக்கமே கிடையாது. கூடையை இறக்கும்போது அவள் முகமும் என் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கும். என் மகளின் முகத்தைக்கூட அவ்வளவு பக்கத்தில் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது.

நான் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். அவள் வன்னியம்பட்டிக்காரி. கிணறும் சின்னத் தோட்டமும் வைத்து, பறித்ததைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்து வருவாள். அவளைத் தவிர வேறு யாரிடமும் நான் காய் வாங்குவதில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தார். பூச்சிமருந்து டின்களை இறக்கி அடுக்கி, கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. அவர் சட்டையை நான் மற்றத் துணிகளோடு சேர்த்துத் துவைத்ததே இல்லை. அப்படி ஒரு வாடை. யார் எந்தக் காய்க்கு என்ன அடிக்கிறார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. "இன்னைக்கு வெண்டைக்கு அடிக்கான், நாளைக்கே பறிச்சு லாரில ஏத்துதான். அத நாம திங்கணுமாக்கும்?" என்பார். கடைசியில் வயிற்று நோயோடு ஒரு வருடம் கிடந்து போய்ச் சேர்ந்தார். மருந்தால் வந்த நோய் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானாகத்தான் அப்படி முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். காலையில் நடந்து போய்ப் பொழுது சாய்வதற்குள் நான் திரும்பி வரக்கூடிய தூரத்தில் விளைந்ததைத்தான் தின்பேன். லாரி ஏறி வந்த காய் என் அடுப்பில் ஏறாது.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் காயைக் கண்டால் ஒரே பார்வையில் படித்துவிடுவேன் என்று ஒரு பெருமை இருந்தது. கீரை வேரில் மண் ஈரமாக ஒட்டியிருக்க வேண்டும். கத்தரிக்காயில் ஒரு புழுத்துளையாவது இருக்க வேண்டும். அதைத் தின்ற புழு உயிரோடு இருக்கிறதென்றால் நானும் தின்னலாம். என் படிப்பு அவ்வளவுதான்.

அந்தப் பெருமைக்கு நான் கொடுத்த விலை கொஞ்சமில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் கிண்ணத்தில் முட்டைக்கோஸ் கூட்டு கொண்டு வந்தாள். "இது எந்த ஊர்ல வெளஞ்சது?" என்று கேட்டேன். "கடையில வெளஞ்சது" என்று சொல்லிக் கிண்ணத்தோடு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கிண்ணம் என் வீட்டுக்கு வரவில்லை. கல்யாண வீடுகளில் இலையில் காரட்டை ஒதுக்கி வைத்தேன், சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். மெட்ராஸிலிருந்து மகள் வந்தால் இரண்டே நாளில் கிளம்பிவிடுவாள். "பிள்ளைக பீன்ஸ் கேக்கும்மா. நீ சுரைக்காயவே வச்சுப் போடுத" என்பாள். முழங்கால் வலி வந்த பிறகு என்னால் நடக்கக்கூடிய தூரம் வருடத்துக்கு வருடம் குறைந்தது. நான் தின்னக்கூடிய உலகமும் அதோடு சேர்ந்து சுருங்கியது. கடைசியில் அதற்குள் மிஞ்சியது ஒரு கூடை மட்டும்தான்.

"ஒன் தோட்டத்துக் காய்தானட்டி?" என்று தினமும் கேட்பேன். தலையில் சுமை இருக்கிறவளால் தலையாட்ட முடியாது. "பின்ன?" என்பாள்.

கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் ஒரு நாள் இருட்டோடு முதல் பஸ் பிடித்து ராஜபாளையத்துக்குப் போனேன். விடிந்த பிறகு போனால் ஆஸ்பத்திரியில் சீட்டு கிடைக்காது. மார்க்கெட் வழியாகக் குறுக்கே நடந்தேன். லாரிகளிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மண்டிக்காரர் சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஏ வன்னியம்பட்டி! ஒங்க ராணியம்மாவுக்குச் சொத்தைக் கத்தரிக்கா எடுத்து வச்சிருக்கேன். எல்லாம் ஒட்டன்சத்திரத்துப் புழு. நல்லா கொழுத்த புழு!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குனிந்திருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். என் கூடைக்காரிதான்.

"சத்தம் போடாதீரும். தொளை இல்லன்னா அவிய தொடமாட்டாவ" என்றாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு காயாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துப் பொறுக்கினாள்.

கண் சரியில்லை என்றுதான் போனேன். அதையெல்லாம் நன்றாகவே பார்த்தது அந்தக் கண். லாரி மறைவில் நின்றேன். கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து ராஜபாளையத்துக்கு லாரியில். அங்கிருந்து வன்னியம்பட்டிக்குப் பஸ்ஸில். அங்கே கீரை வேருக்கு மண் பூச்சு. பிறகு தலைச்சுமையாக என் வீடு. எங்கள் ஊர் மார்க்கெட்டில் வாங்கினால் யாராவது பார்த்து என்னிடம் சொல்லிவிடுவார்கள் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியின் முட்டைக்கோஸ்கூட இத்தனை வண்டி மாறி வந்திருக்காது.

மறுநாள் பத்து மணி. "மதினி, கை குடுங்க."

அடுப்படியில் இருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"மதினி, இருக்கியளா? கழுத்து வலிக்கி."

கதவு திறந்துதான் கிடந்தது. வாசலில் நிற்கிறவளுக்கு என் முதுகு தெரிந்திருக்கும். மூன்றாம் தடவை அவள் கூப்பிடவில்லை. பிறகு மெதுவாகக் காலடிச் சத்தம் நகர்ந்து போனது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பருப்பும் வத்தலும் வைத்துச் சாப்பிட்டேன். பத்து மணி ஆனால் காது மட்டும் தெருவுக்குப் போய்விடும். ஒரு நாள் விடிகாலையில் பால்காரரிடம் பேச வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. முந்தின நாள் முழுக்க நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று காலையே வன்னியம்பட்டிக்கு நடந்தேன். முழங்கால் வலிக்காக மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தேன்.

வீட்டு வாசலில் பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். கழுத்தில் துணி சுற்றியிருந்தது. என் சத்தம் கேட்டதும் தலையைத் திருப்பவில்லை. உடம்போடு சேர்த்துத் திரும்பினாள்.

"வாங்க மதினி. ஒக்காருங்க. நடந்தா வந்திய?"

"கழுத்துக்கு என்னட்டி?"

"பிடிச்சுக்கிட்டு. முழுக்கூடையோட திரும்பி வந்தேம்லா."

"அடுத்த வீட்டுல எறக்கச் சொல்லிருக்கலாம்லா?"

"ஒங்க வாசல்ல எறங்காதத வேற வாசல்ல கொண்டுபோயி எப்படி எறக்க? இங்க வந்துதான், எம்மருமக எறக்கினா."

பசை தொட்ட விரலைத் துணியில் துடைத்தாள்.

"பாத்துட்டியளாக்கும்?"

"ராஜபாளையத்துல பாத்தேன்."

"கெணறு வத்தி ரெண்டு வருசம் ஆச்சு மதினி."

"எங்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா வாங்குவியளா?"

"மாட்டேன்" என்றேன். அந்த இடத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

அவள் சிரித்துவிட்டாள். உடனே கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "சிரிக்க வைக்காதிய, வலிக்கி. பொய்தான் சொன்னேன். இல்லங்கல. ஆனா தொளை உள்ளதாப் பாத்துப் பொறுக்குறது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா? அம்புட்டுக்கும் மருந்து அடிக்கானுவ. மூட்டைக்கு நாலு தேறினா பெருசு."

வழி நெடுக ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் போயிருந்தேன். தப்பு என்னுது என்று சொல்வதற்காகத்தான் போனேன். வாய் வரை வந்தது, அதை இறக்கத் தெரியவில்லை. "கழுத்து சரியானா வாரியாட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

"இனிமே தலைச்சுமை ஆகாதுன்னுட்டாவ மதினி. இது ஒக்காந்து பாக்குற வேலை."

சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை எடுத்து ஒட்டத் தொடங்கினாள். நான் எழுந்தேன். அவளும் எழுந்து என்னோடு வந்தாள். வறண்ட கிணற்று ஓரத்தில் ஒரு முருங்கை நின்றது. தலையைத் தூக்க முடியாமல், எட்டிய கிளையைத் தடவிப் பிடித்து ஒடித்தாள்.

"இது நெசமாவே எங்க மண்ணுல வெளஞ்சது. கீரைதான். வேர்ல மண்ணு எங்கன்னு கேட்டுராதிய."

கிளையை வாங்கிக்கொண்டு நடந்தேன். வீடு வந்து சேர்ந்தபோது இலையெல்லாம் துவண்டிருந்தது. உருவி வதக்கினேன். ஓர் ஆள் சாப்பாட்டுக்கு அது அதிகம். மீதியை யார் வீட்டுக்காவது கொடுக்கலாம் என்று கிண்ணத்தில் எடுத்தேன். பக்கத்து வீட்டு வாசல் வரை போனேன். இது எந்த ஊரில் விளைந்தது என்று அவள் கேட்பாளோ என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது எங்கள் ஊர் மார்க்கெட்டுக்கு நானே போய் வருகிறேன். எந்த ஊர்க் காய் என்று யாரிடமும் கேட்பதில்லை. கத்தரிக்காய்க் குவியலில் மட்டும் கை தானாகத் துளையைத் தேடும். அவள் சொன்னது சரிதான், நாலு தேறுவதே பெரிய பாடு. வீட்டுக்கு வந்து பையை நானே கீழே வைக்கிறேன். கையில் தூக்கி வருகிற பையை இறக்க எதிரில் யாரும் நிற்க வேண்டியதில்லை.