நெய்யை விட்டேன், குவாட்டரை விடலை

போன வருஷம் வயித்துல வலது பக்கம் கனமா இருக்குதுன்னு ஸ்கேன் எடுத்தேன். தாலுகா ஆபீஸ் எதிர்ல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிறவன் நான். ஊரான் பேப்பரையெல்லாம் படிக்கிற பழக்கத்துல என் ரிப்போர்ட்டையும் நானே படிச்சிட்டேன். ஈரல்ல கொழுப்பு. கொழுப்பு எங்கேர்ந்து வரும்? நெய், எண்ணெய், ஆட்டுக்கறி. விஷயம் முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

இப்படியே போனா ஈரல் காய்ஞ்சி உயிருக்கே ஆபத்துன்னாங்க டாக்டரம்மா. குடிப்பீங்களான்னு கேட்டாங்க. எப்பவாச்சும்னேன். தினம் ஒரு குவாட்டர்தான், எங்க செட்டுல அதுக்குப் பேரு எப்பவாச்சும்.

வீட்டுக்கு வந்ததும் சம்சாரத்துமேல பாய்ஞ்சேன். உன் குழம்புல மிதக்கிற எண்ணெய்தான் என்னைச் சாவடிக்குதுன்னு கத்தினேன். மறுநாள்லேர்ந்து தாளிக்காத குழம்பு. நாக்கு செத்துப்போச்சு. சாயங்காலம் குவாட்டர் மட்டும் தவறலை. அதுல ஒரு சொட்டு நெய் மிதக்குதா, சொல்லுங்க? ஆறு மாசம் கழிச்சி பார்த்தா கொழுப்பு இன்னும் ஏறிக்கினு இருக்குது. எனக்கு வந்துச்சே கோவம்!

அப்புறம் ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு மாலை போட்டேன். வருஷா வருஷம் நாப்பத்தெட்டு நாள் விரதம். மாலை கழுத்துல ஏறிட்டா ஒயின்ஷாப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டேன். ஆனா தினம் ஒரு வீட்ல பஜனை. சக்கரைப் பொங்கல், வடை, பாயசம். இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க சாமின்றாங்க, சாமி எப்படி வேணாம்னு சொல்லுவார்? ஆறு மாசப் பட்டினியையும் சேர்த்து வெளுத்துக் கட்டினேன்.

நாப்பதாவது நாள் அடுத்த ஸ்கேன். தின்ன நெய்யெல்லாம் கண்ணு முன்னால வந்து நிக்க, பயந்துகினே போனேன். சம்சாரமும் கூட வந்தா. பார்த்தா, கொழுப்பு நல்லாவே குறைஞ்சிருக்குது.

டாக்டரம்மாகிட்ட உண்மையைக் கக்கிட்டேன். அவங்க பொறுமையா சொன்னாங்க. சரக்கு உள்ள போனா ஈரல் மத்த வேலையைப் போட்டுட்டு அதைத்தான் முதல்ல எரிக்குமாம். எரிய வேண்டிய கொழுப்பு அப்படியே தேங்கிடுமாம். போதாததுக்கு அந்தச் சரக்குலேர்ந்தே புதுசாவும் கொழுப்பு செஞ்சிக்குமாம். பொங்கலும் அளவா சாப்பிடுங்க, ஆனா குடியை அடியோட விடுங்கன்னாங்க.

பஸ்டாண்டுல எனக்கு ஒரே குஷி. முருகன் காப்பாத்திட்டான்னேன். மாலை கழட்டற அன்னிக்கு செட்டுப் பசங்க காத்துகினு இருப்பாங்க, அந்த ஒரு நாள் மட்டும்னு மெதுவா இழுத்தேன்.

சம்சாரம் என்னைத் திரும்பிப் பார்த்தா.

"சாமிக்குப் பயந்துகினு நாப்பது நாள் தொடாம இருந்தீங்க. கல்யாணமாயி பதினெட்டு வருஷம். எனக்காக ஒரே ஒரு நாள் இருந்தீங்களா?"

பஸ் வந்துச்சு, அவ ஏறிட்டா. வாய்ல ஊரையே வித்துட்டு வர்றவன் நான். கழுத்துல கிடந்த மாலையை ஒரு கையால பிடிச்சிக்கினு அவ பின்னாடியே ஏறினேன்.