மேஸ்திரி நீட்டாத வெற்றிலை

அக்கரைச் சீமையில், பசுண்டாங் ஓடைக்கரையில் ஜெர்மன்காரர்கள் நடத்திய அரிசி ஆலையில் வடிவேல் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்காமல் ஒரு கூலியும் அசையமாட்டான். எல்லாரும் ஊரில் அவர் கையால் வெற்றிலை வாங்கிக் கப்பலேறியவர்கள். ஆபத்தான வேலை வந்தால் மறுபடி ஒரு வெற்றிலை நீட்டுவார். வாங்கியவன் பின்வாங்கக்கூடாது. அதனாலேயே அதை அவர் லேசில் நீட்டுவதில்லை.

புதிதாக வந்த எஞ்சினியருக்கு இது பொறுக்கவில்லை. "உத்தரவு என்னுடையது. இவர்கள் ஏன் அவன் முகத்தைப் பார்க்கிறார்கள்?" என்று என்னிடம் கேட்டார். ஒரு துரை வீட்டு ஆயாவாக ஹாம்பர்க் வரை போய்த் திரும்பியிருந்த எனக்கு, அவர் பேச்சைத் தமிழில் சொல்லும் வேலை.

அந்த ஆவணி மழையில் தொட்டியில் கிடந்த நெல் ஈரமேறிக் கட்டிப்போனது. அடியில் எந்திரம் நெல்லை இழுத்துக்கொண்டே இருந்ததால் மேலே பாளமும் கீழே வெற்றிடமும். எந்திரத்தை நிறுத்தாமல் ஆள் இறங்கிப் பாளத்தை உடைக்கவேண்டும் என்றார் எஞ்சினியர். துறையில் கப்பல் காத்திருந்தது.

"நிறுத்தினா நானே எறங்குறேன்னு சொல்லு தாயி. ஓடுற மிசினுக்கு மேல நெல்லு ஆள முழுங்கிரும்," என்றார் மேஸ்திரி.

சொன்னேன். ஹாம்பர்க் துறையில் இப்படியோர் உத்தரவுக்கு ஆட்கள் மறுத்ததையும், மேலாள் அடங்கிப்போனதையும் சேர்த்தே சொன்னேன்.

"இது ஹாம்பர்க் அல்ல," என்று எஞ்சினியர் எழுந்து போனார்.

திரும்பியபோது அவர் கையில் நரம்பு கிள்ளி மடித்த வெற்றிலை இருந்தது. வெற்றிலை வழக்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்த கிளார்க் அகஸ்டின் பின்னால் தலை குனிந்து வந்தார்.

"தொர யாரு கல்யாணத்துக்கு அழைக்கிறாரு?" என்றான் கூலிகளில் ஒருவனான மாரிச்சாமி. யாரும் சிரிக்கவில்லை.

எஞ்சினியர் அதை மேஸ்திரியிடம் நீட்டவில்லை. மேஸ்திரியின் தங்கை புருஷன், புதிதாக வந்த சின்னத்தம்பியிடம் நீட்டினார். பெரியவர்கள் கொடுத்ததை மறுத்தறியாத கை தானாக எழுந்தது.

"லே, கைய மடக்குடா!" மேஸ்திரி குறுக்கே பாய்ந்து அதைத் தானே வாங்கிக்கொண்டார்.

"மச்சான், வாங்கினா எறங்கணுமே!" என்றான் சின்னத்தம்பி.

"வாங்கியாச்சுல்ல. கயித்த இறுக்கிப் புடி."

வெற்றிலையை மடியில் செருகிக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டிக் கடப்பாரையோடு இறங்கினார். இரும்பு பாளத்தில் விழும் சத்தம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கயிறு சின்னத்தம்பியின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கீழே ஓடியது.

"நிறுத்து!" என்று கத்தினார் எஞ்சினியர். நான் தமிழில் கத்தினேன். எந்திர அறை வாசலில் நின்றவர்கள், பழக்கம் மாறாமல், மேஸ்திரியின் முகத்தைத் தேடினார்கள்.