மரத்தில் சேராத காசித்தும்பை

‘சுத்தமான மரம்’ என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் ஆராய்ச்சி, குற்றாலத்துக் காட்டுக் காசித்தும்பைகளைப் பற்றியது. எந்த இனம் எதிலிருந்து பிரிந்தது என்று டிஎன்ஏவை வைத்துக் கணினியில் வம்சாவளி மரம் போட வேண்டும். ஐந்தருவிக்கு மேலே ஒரு பாறையில் வெள்ளைப் பூ இனமும் சிவப்புப் பூ இனமும் அடுத்தடுத்து நிற்கும். நடுவில் ஒரே ஒரு செடி, வெளிர் ரோஜா நிறத்தில். அதன் இலையைச் சேர்த்ததும் மரம் குலைந்தது. பாதி மரபணுக்கள் வெள்ளையோடு போயின, மீதி சிவப்போடு. இது கலப்பினம் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் திரையைப் பார்த்தார்.

“கை சுத்தமில்லம்மா ஒனக்கு. லேப்ல எதையோ கலந்துட்ட. அத எடுத்துரு, மரம் சுத்தமா வந்துரும்.”

என் கையையா சொல்கிறார்? அந்த வாரமே, சாரலோடு சாரலாக மறுபடி கிளம்பினேன். “வழுக்குத பாறையில அங்கன என்னட்டி வச்சிருக்க?” என்று அம்மா திட்டினாள்.

புது இலை, புதுக் குழாய், புதுக் கையுறை. அதே முடிவு. மரம் போடும் மென்பொருளுக்குக் கிளைகளைப் பிரிக்கத்தான் தெரியும், சேர்க்கத் தெரியாது. அதனால் வலையாக வரையும் மென்பொருளில் ஓட்டினேன். இரண்டு கிளைகளிலிருந்தும் கோடுகள் வந்து அந்தச் செடியில் சேர்ந்தன. பேராசிரியர் அந்தப் படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செடியை எடுக்காமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார்.

எடுத்தேன். இத்தனை வருட உழைப்பும் அவர் பேனாவில் தொங்கும்போது வேறென்ன செய்ய? மரம், வகிடெடுத்துச் சீவிய தலைபோல ஒழுங்காக வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

வாய்மொழித் தேர்வன்று, வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பாறையின் புகைப்படத்தில் நிறுத்தச் சொன்னார்.

“நடுவுல இருக்கிற பூ ரெண்டும் கலந்த மாதிரி இருக்கே. இது உங்க மரத்துல எங்க?”

நான் வாய் திறக்குமுன் என் பேராசிரியர் முந்திக்கொண்டார். “அதானே. ஏம்மா, அத ஏன் விட்டுட்ட?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“நீங்கதான சார் எடுக்கச் சொன்னீங்க.”

பட்டம் போனால் போகட்டும் என்று, மடிக்கணினியில் அழிக்காமல் வைத்திருந்த வலைப் படத்தைத் திரையில் போட்டேன். இரண்டு கோடுகளும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தேர்வாளரைப் பார்த்தேன்.

“இங்கன இருக்கு சார்,” என்றேன்.