பீரோவில் பத்திரமாக இருந்த பல்செட்

சித்தியின் இரண்டு கைகளையும் கட்டிலின் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கிவிடுகிறாராம்.

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனை. போன மாதம் நடந்தது. சித்தி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சித்தப்பா இறந்த பிறகு வலங்கைமான் வீட்டை விற்றுவிட்டு, திருவையாறு பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தைத் தானே தேடிப்போய்ச் சேர்ந்தவர். மகன் முரளி மஸ்கட்டில் இருக்கிறான். காய்ச்சல், மூச்சிரைப்பு என்று இல்லத்திலிருந்து ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். கூட வந்த ஊழியர் அட்மிஷன் முடிந்ததும் அதே வண்டியில் திரும்பிவிட்டார். அங்கேயும் ஆள் பற்றாக்குறைதானே?

மறுநாள் நான் போனபோது டியூட்டி டாக்டர் விவரம் சொன்னார். இளைஞர், நல்ல மாதிரி. சித்தியிடம் என்ன கிழமை, இது எந்த ஊர் என்றெல்லாம் கேட்டிருக்கிறார். சித்தி விட்டத்தைப் பார்த்தாராம். சாப்பாடு ஊட்டினால் துப்புகிறாராம். வயதாகிவிட்டது, ஞாபகம் போய்விட்டது, மூக்கு வழியாக டியூப் போட்டுத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்றார். கையெழுத்துக்கு என்னிடம் பேனாவை நீட்டினார்.

முரளிக்கு போன் போட்டேன். “டாக்டர் சொன்னா போட்டுடச் சொல்லுங்கண்ணே” என்றான். உடனே அவனே, “டியூபோட இருந்தா இல்லத்துல திரும்ப எடுத்துப்பாங்களா?” என்றும் கேட்டான்.

எடுக்க மாட்டார்கள். டியூப் போட்டவர்களைக் கவனிக்க அவர்களிடம் நர்ஸ் கிடையாது. சேரும்போதே சொன்ன விதி. வீட்டை விற்றாகிவிட்டது. சித்திக்குத் தங்க இடம் என்று உலகத்தில் இருப்பது அந்த ஒரே அறை. ஒரு கையெழுத்தில் அதுவும் போய்விடும்.

பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்... அப்போதுதான் ரவுண்ட்ஸுக்கு இன்னொரு டாக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. முதியோர் மருத்துவத்தில் தனிப் பயிற்சி எடுத்தவர் என்று பிறகு தெரிந்தது. வந்ததும் சித்தியின் கைக்கட்டைப் பார்த்தார். அவிழ்க்கச் சொன்னார். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி: “போன வாரம் எப்படி இருந்தாங்க?”

யாரும் கேட்காத கேள்வி. எனக்கும் பதில் தெரியவில்லை. இல்லத்தின் மேனேஜரை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“போன வாரமா? நல்லாத்தான் இருந்தாங்க சார். வயல் குத்தகைக்காரர்கிட்ட போன்ல ஒரு மணி நேரம் சண்டை போட்டாங்களே” என்றார் மேனேஜர்.

டாக்டர் சிரிக்கவில்லை. “காது மெஷின் உண்டாங்க? பல்செட்? கண்ணாடி?”

“எல்லாம் இருக்கு டாக்டர். பத்திரமா பீரோவுல வச்சுப் பூட்டியிருக்கேன்.”

அந்த இல்லத்தின் வழக்கமாம் அது. முன்பு ஒரு பெரியவரின் பல்செட் ஆஸ்பத்திரியில் காணாமல் போய், பிள்ளைகள் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். அதிலிருந்து ஆம்புலன்ஸ் வந்ததுமே மோதிரம், பல், காது, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி, கவரில் பெயர் எழுதி உள்ளே வைத்துவிடுகிறார்கள். அவ்வளவு பொறுப்பு!

“பாதி ஆளைப் பூட்டி வச்சிட்டு மீதியை நமக்கு அனுப்பியிருக்காங்க” என்றார் டாக்டர், இளைஞரைப் பார்த்து. “நேத்து வரைக்கும் தெளிவா இருந்தவங்க இன்னைக்குக் குழம்பினா அது வயசு இல்லப்பா, வியாதி. கிருமி முதல்ல இவங்க மூளையைத்தான் குழப்பும். மருந்து கொடுப்போம். டியூப் இப்ப வேண்டாம்.”

இளைஞர் தலையாட்டினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஐந்து வருடத்துக்கு மேல் படித்தவருக்கு, காது கேட்காத ஒரு முதியவரிடம் எப்படிப் பேசுவது என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால்தானே?

நான் திருவையாறு போய்க் கவரை வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் பொருத்தியதும் சித்தி என்னை உற்றுப் பார்த்தார். “எதுக்குடா என் கையைக் கட்டினாங்க?” என்றார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அன்று மாலை, ஸ்கூல் மணி அடித்துவிட்டதா என்று நர்ஸிடம் கேட்டார். என்னை ஒருமுறை சித்தப்பா என்று நினைத்துக்கொண்டார். காய்ச்சல் இறங்க இறங்கத்தான் பேச்சு தெளிந்தது. கஞ்சியில் ஆரம்பித்து மெதுவாகச் சாப்பிடவும் செய்தார்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் குழந்தை டாக்டரைத் தேடுகிறோம். அது சின்ன சைஸ் பெரியவர் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். எண்பதை நெருங்குகிற உடம்பும் அப்படித்தான் வேறு மாதிரியானது என்பது மட்டும் ஏன் நமக்குத் தோன்றுவதில்லை? டெல்டாவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். முதியோர் இல்லங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. அங்கிருந்து வருகிறவர்களின் ‘போன வாரத்தை’ச் சொல்ல ஆள் கூட வர வேண்டும். கேட்கத் தெரிந்த டாக்டரும் அங்கே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் டியூப்தான்.

சித்தி இப்போது தன் அறையில்தான் இருக்கிறார். இனி கவர் நோயாளியோடு ஆம்புலன்ஸில் போகும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார், பார்க்கலாம்.

டிஸ்சார்ஜ் அன்று காலை, சாப்பிடாததால் மூக்கில் டியூப் போட இருந்த கதையை அந்த இளைஞரே சித்தியிடம் சொல்லி வருத்தப்பட்டார். சித்தி முழுக்கக் கேட்டார். பிறகு ஆஸ்பத்திரி கேன்டீன் இட்லித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க தம்பி. அப்புறம் சொல்லுங்க, நான் ஏன் துப்பினேன்னு.”