சரிசெய்தேன் என்றால் சரிசெய்வேன்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஹீப்ரு தெரியும். அப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "ஹீப்ரு இல்லடா, எபிரேயம்" என்பார். நாங்கள் பிழைக்க வந்த இந்த ஊரில், எங்கள் தெருவில் பாதிப் பேர் பேசுகிற பாஷைதான் அது. பஸ் ஓட்டுபவரும் காய்கறி விற்பவரும் சண்டை போடுவதே அதில்தான். மாமா கற்பது அந்தப் பாஷை இல்லையாம். மருந்துக் கடைக்கு மேலுள்ள மாடி அறையில், வாரத்துக்கு மூன்று மாலை, ஆறு வருடமாக அவர் கற்பது இலக்கிய எபிரேயம். அதற்கு மேல் வகுப்பே கிடையாது என்று எங்கள் குடும்பத்தில் கைக்குழந்தைக்குக்கூடச் சொல்லியாயிற்று.

பகலில் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் வில்லையின் ஓரம் தேய்க்கிறார். வேலை சுத்தம், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரார் பார்வையைச் சரிசெய்கிற மனுஷனுக்கு, எதிரில் நிற்பவர் முகம் போகிற போக்கு மட்டும் தெரியவே தெரியாது.

ஒருநாள் ரொட்டிக் கடைக்கு அவரோடு போய்த் தொலைத்தேன். 'நான்' என்பதற்கு ஊரே 'அனி' என்கிறது. இவர் 'அனோகி' என்றார். தமிழில் ஒருவர் கடைவாசலில் நின்றுகொண்டு 'யான் ஒரு ரொட்டி வேண்டுகின்றேன்' என்றால் எப்படி இருக்கும்? வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள் என்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் பெருமையடித்தார். எனக்கு மானம் போயிற்று.

அக்கா குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் ஹீப்ருவில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கலந்துகட்டி வரும். அவள் வாயைத் திறந்தாலே மாமா காதைப் பொத்திக்கொள்வார்.

அவர்கள் வாடகைக்கு இருப்பது மாடியில். கீழே வீட்டுக்காரம்மாவின் திரைத்துணிக் கடை. போன மாதம் அக்காவின் சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் கசிந்து, கடைச் சுவரில் ஈரம் இறங்கியது. வீட்டுக்காரம்மா அக்காவைப் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார்: "சின்ன ரிப்பேரெல்லாம் உங்க பொறுப்பு. சரிபண்ணிடுங்க, மாசக் கடைசியில ஒப்பந்தத்தைப் புதுப்பிச்சுத் தரேன். இல்லன்னா என் அக்கா பையன் வீடு கேட்டுக்கிட்டே இருக்கான்."

நான் லிஃப்ட் மெக்கானிக். அக்கா எனக்கு போன் பண்ணியதும் அன்றே கிளம்பினேன். மாமா மறித்துவிட்டார்.

"அவசரப்படாத. முதல்ல எழுத்துல பதில் கொடுக்கணும். அதுதான் முறை. அவங்க பதில் வரட்டும், அப்புறம் குழாயைத் தொடலாம்."

"தண்ணி உங்க பதிலுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது மாமா."

"உனக்கு ஸ்பேனர் பிடிக்கத்தான் தெரியும்."

நான்கு நாள், இரண்டு அகராதி. கடைசியில் ஒரு பக்கக் கடிதம் வீட்டுக்காரம்மா கைக்குப் போயிற்று. அதை மாமா எங்களுக்கும் வாசித்துக் காட்டினார், பாதிகூட விளங்கவில்லை.

அந்தக் கடிதத்தில்தான் வினை இருந்தது. ஹீப்ருவில் 'வாவ்' என்று ஓர் எழுத்து, பார்க்க ஒரு சின்னக் கோடு. இன்றைய பேச்சில் அது ஒரு சொல்லுக்கு முன்னால் ஒட்டினால் நம் 'உம்' மாதிரி, அவ்வளவுதான். பழைய நூல்களிலோ அது வினைச்சொல்லின் காலத்தையே புரட்டிப் போட்டுவிடும். 'சரிசெய்தேன்' என்பதற்கு முன்னால் ஒட்டினால் 'சரிசெய்வேன்' என்று பொருள். மாமா அந்தப் பழைய முறையில் எழுதித் தள்ளியிருந்தார்: இவ்வாரத்துக்குள் குழாயைச் சரிசெய்வேன், சுவரையும் துடைப்பேன். வீட்டுக்காரம்மா எல்லோரையும் போலத்தான் வாசித்தார்: குழாயைச் சரிசெய்தேன், சுவரையும் துடைத்தேன்.

அதை நம்பி, ஓர் ஆஸ்பத்திரிக்குத் தைத்து வைத்திருந்த வெள்ளைத் திரைகளை எல்லாம் அந்தச் சுவர் அலமாரியில் அடுக்கிவிட்டார். இரண்டே நாளில் துணி முழுக்கப் பழுப்புக் கறை.

அவர் கடிதத்தோடு மாடியேறி வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். "சரிபண்ணிட்டேன்னு எழுதியிருக்கீங்களே?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாமா சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார். "அம்மா, இது எதிர்காலம். வாவ் இருக்கு பாருங்க" என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பாடம் நடத்தினார்.

"எங்கம்மா இந்தப் பாஷைதான் பேசினாங்க" என்றார் வீட்டுக்காரம்மா. "அவங்க சரிபண்ணிட்டேன்னு சொன்னா சரிபண்ணியிருப்பாங்க. இலக்கணம் வேணாம். எப்ப சரிபண்ணுவீங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க."

'நாளைக்கு' என்று சாதாரணமாகச் சொல்ல மாமாவின் நாக்கு வணங்கவில்லை. அதைவிட உயர்ந்த சொல் ஒன்றைத் தேடிக்கொண்டு நின்றார், காது மட்டும் சிவந்தது. வீடு கையை விட்டுப் போகிற நேரத்தில் மனுஷன் அகராதி புரட்டுகிறார்! எனக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது.

அக்கா ஈரக் கையோடு முன்னால் வந்தாள். அவள் ஹீப்ருவில் வினைச்சொல்லே இல்லை. "இன்னிக்கு. இப்ப. நான், தம்பி. குழாய். உங்க துணி... நான் சலவை."

வீட்டுக்காரம்மா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கீழே போய்விட்டார்.

குழாயைச் சரிசெய்ய எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. ஒரு ரப்பர் வாஷர், அவ்வளவுதான். இதற்கா நான்கு நாள்! திரைகளை அக்கா மூன்று முறை அலசி, மொட்டை மாடியில் காயப்போட்டு, தேய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாமா அந்த வாரமும் மூன்று மாலை வகுப்புக்குப் போனார்.

மாசக் கடைசியில் வீட்டுக்காரம்மா கைப்பட எழுதிய புது ஒப்பந்தம் வந்தது. அக்கா கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். மாமா அதைப் பிடுங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மூன்றாவது வரியிலேயே உச்சுக்கொட்டிவிட்டுப் பேனாவை எடுத்தார். "என்ன எழுத்துப்பிழை! இதுல எப்படிக் கையெழுத்துப் போடுறது? கொடு, திருத்தித் தரேன்."

அக்கா தாளை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"திருத்துறதுக்கு நீங்க யாருங்க? இதுல உங்க பேரே இல்ல."