காவல் நாய் – 1, நல்ல நிலையில்

ஒருவர் எழுதிவைத்ததற்குப் பக்கத்தில் இன்னொருவர் டிக் போடுவதற்குப் பெயர் ஆடிட். அந்த டிக்கை வெயிலில் அலைந்து போடுகிறவர்களுக்குப் பெயர் பயிற்சியாளர்கள். வாரத்தில் இரண்டு நாள் விழுப்புரத்தில் கல்லூரி, நான்கு நாள் திண்டிவனத்தில் ஆடிட்டர் ஆபீஸ், மூன்றாம் வருட முடிவில் பி.காம். பட்டம் என்று சொல்லி என்னைச் சேர்த்தார்கள். ‘படிக்கும்போதே அனுபவம்’ என்று நோட்டீஸில் போட்டிருந்தது. இதே மாதிரி நோட்டீஸை நம்பிப் போன சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

பச்சைப் பேனா

முதல் நாள் ஆடிட்டர் சார் என் கையில் ஒரு பச்சைப் பேனாவைக் கொடுத்து, சீனியர் பிரபு அண்ணனிடம் ஒப்படைத்தார். எங்கள் ஆபீஸில் ஆளுக்கு ஒரு மை. பிரபு அண்ணனுக்கு ஊதா. நாளைக்குத் தப்பு ஏதாவது வெளியே வந்தால் யார் தலை உருள வேண்டும் என்று மையைப் பார்த்தே சொல்லிவிடலாம். சாருக்கு மட்டும் மை கிடையாது.

பிரபு அண்ணன் ஒரு உரக்கடையின் வவுச்சர் கட்டை என் முன்னால் போட்டார். கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி தேதி, பெயர், கையெழுத்து என்று முதல் வவுச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் தன் கட்டை முடித்து, டீயும் குடித்துவிட்டு வந்து, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“இன்னாம்மா, ஒண்ணொண்ணா படிச்சிக்கினு இருக்க? போன வருஷம் மாதிரியே டிக் போட்டுக்கினு போம்மா, ஜல்தி.”

பன்னிரண்டாவது பக்கம்

கல்லூரி எங்களுக்கு ஒரு பயிற்சிப் பதிவேடு கொடுத்திருந்தது. பன்னிரண்டு திறமை, பன்னிரண்டு பக்கம். ஒவ்வொன்றிலும் சார் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பக்கம் காலியாக இருந்தாலும் பட்டம் கிடையாது. அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கிப் படிக்கவைத்த படிப்பு இது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. ரேஷன் கார்டைவிட அந்தப் பதிவேட்டைத்தான் பத்திரமாக வைத்திருந்தேன்.

மூன்றாம் வருடக் கடைசியில் நீட்டினேன். சார் போன் பேசிக்கொண்டே பதினோரு பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். பன்னிரண்டாவதில் பேனா நின்றது. தலைப்பு ‘தொழில்முறை ஐயப்பாடு’. வாடிக்கையாளர் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், சந்தேகப்பட்டுச் சரிபார்க்கும் குணம் என்று கீழே விளக்கமும் இருந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“சந்தேகமா? நம்ம ஆபீஸ்ல யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லியேம்மா.”

சோடா வைத்தியம்

அந்தப் பழக்கம் எனக்கு உண்டு என்று காட்டிவிட வேண்டும் என்று வைராக்கியம் வந்தது. அந்த வாரமே விழுப்புரத்தில் ஒரு பைப் கடைக்குச் சரக்கு எண்ணப் போனேன். லிஸ்டில் இருக்கும் பைப் குடோனில் ஏன் குறைகிறது என்று கேட்டேன். ஒரு பன்னீர் சோடா வந்தது. வளைவுக் குழாய் ஏன் கூடுதலாக இருக்கிறது என்று கேட்டேன். இன்னொரு பன்னீர் சோடா வந்தது. மூன்றாவது கேள்வியை நான் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்; வயிற்றில் இடமில்லை. கடைக்காரர் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் எதுனா டவுட் இருக்குதாம்மா? ஐஸ்ல இன்னும் ரெண்டு பாட்டில் கீது.”

நாய்

அடுத்த வாரம் ஒலக்கூர் பக்கம் ஒரு எண்ணெய் மில். மில்லின் சொத்து லிஸ்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து டிக் போட வேண்டும். மோட்டார் இருந்தது. எடைமேடை இருந்தது. அதற்குக் கீழே ‘காவல் நாய் – 1 (ராஜபாளையம்)’ என்று இருந்தது. பக்கத்தில் வருடத்துக்கு ஒன்றாக நீலம், கறுப்பு, சிவப்பு, ஊதா என்று வரிசையாக டிக். ஊதா டிக்கோடு ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று பிரபு அண்ணன் தன் கைப்பட எழுதியிருந்தார்.

நாய் எங்கே என்று முதலாளியைக் கேட்டேன். “வெளிய போயிருக்கும்மா” என்றார். மத்தியானம் வரை காத்திருந்தேன். மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் புடைத்துக்கொண்டிருந்த அஞ்சலை அக்காவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “அது செத்து நாலு வருஷம் ஆவுது பாப்பா. நாந்தான் அந்த வேப்பமரத்தாண்ட குழி தோண்டுனேன்” என்றார். அதாவது பிரபு அண்ணன் நல்ல நிலையில் பார்த்தது வேப்பமரத்தை.

இதைக் கேட்டுக்கொண்டே வெளியே போன முதலாளி, டீக்கடை வாசலில் படுத்திருந்த ஒரு தெருநாயின் கழுத்தில் சணல் கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். லிஸ்டில் இருப்பது ராஜபாளையம் நாய், பால் வெள்ளை; இது செவலை.

“இதாம்மா அது. வயசாயிடுச்சில்ல, அதான் எளச்சிப் போயி கலரு மாறிக்கினு இருக்குது.”

மிக நன்று

லிஸ்டில் ‘நாய் இல்லை’ என்று பச்சை மையில் எழுதி, சாரிடம் பெருமையாகக் கொடுத்தேன். ஐயப்பாடு என்றால் இதுதானே! பன்னிரண்டாவது பக்கத்தையும் கூடவே நீட்டினேன். சார் பக்கத்தைத் தொடவே இல்லை. “இல்லன்னு எழுதுனா, நாலு வருஷமா நாம போட்ட டிக் எல்லாம் இன்னா ஆவறது? ஒரு நாயால எனக்குப் பேஜாரு வேணாம்” என்றார். பிரபு அண்ணன் தேய்மானக் கணக்கைத் திறந்து எனக்குப் பாடம் நடத்தினார். வருடா வருடம் மதிப்பு குறையுமே தவிர எந்தச் சொத்தும் பூஜ்யத்துக்கு வராதாம். அந்தக் கணக்குப்படி நாய் சாகவே முடியாதாம்.

பதிவேடு சாரின் மேஜையில் பத்து நாள் கிடந்தது. தினமும் வீட்டில் அப்பா, “கையெழுத்து ஆயிடுச்சாம்மா?” என்று கேட்பார். கல்லூரியில் பதிவேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசித் தேதிக்கு முதல் நாள், ‘இல்லை’ என்று எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாளில் பச்சையாக ஒரு டிக் போட்டேன். ‘நல்ல நிலையில் உள்ளது’ என்றும் எழுதினேன். எழுதும்போது அவமானமாக இருந்தது, எழுதினேன். சார் உடனே ‘தொழில்முறை ஐயப்பாடு: மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“இப்பதாம்மா நீ வேல கத்துக்கின.”

போன்

இந்த வருடம் என் இடத்தில் சேர்ந்த பெண் ஒலக்கூர் மில்லிலிருந்து கூப்பிட்டாள். “அக்கா, லிஸ்ட்ல நாய்னு ஒண்ணு போட்டிருக்கு. பச்ச மையில உங்க டிக்கும் இருக்கு. நாயத்தான் காணோம், எங்கக்கா?” என்றாள். பின்னால் வேப்பமரத்துக் காக்கைச் சத்தம் கேட்டது. உண்மையைச் சொன்னால் அவளுடைய பன்னிரண்டாவது பக்கம் சாரின் மேஜையில் கிடக்கும். அதற்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் மை என்னுடையது. ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் பதில் சொன்னேன்.

“வெளிய போயிருக்கும்மா. போன வருஷம் மாதிரியே போட்டுடு.”

ஐயப்பாட்டில் ‘மிக நன்று’ வாங்கிய பட்டதாரி நான், என் டிக்கின் தயவில் அந்த நாயும் ஒலக்கூரில் இன்னும் நல்ல நிலையில்தான் இருக்கிறது.